மரத்துப்போன உதடு

ஊசியக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊசியின் மூடியைப் பல்லால் கடித்துத்தான் கழற்றுவார். இடது கையில் எலி, வலது கையில் ஊசி, மூன்றாவது கைக்கு எங்கே போவது என்பார். என்றைக்காவது வினையாகும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு ஊசி போடுவதும் மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதும் அவர் வேலை. ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. அதனால் நான் 'சாயக்காரர்'. அவரைவிடப் பதினைந்து வயது இளையவன், ஆனாலும் ஒருநாள்கூட என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

காரணம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் தம்பி லாரியில் அடிபட்டு, ஏகப்பட்ட ரத்தம் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மரத்துப்போக ஊசி போட்டும், தையல் போடும்போது வலி தாங்காமல் கத்தினான். அக்காதான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு மரப்பூசி போடுங்க சார்" என்று கெஞ்சினார். போட்டார்கள். பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் மூச்சுவிட்டபோது காயம் சீழ் பிடித்து, ஒன்பதாம் நாள் போய்விட்டான். "அத்தனை மரப்பூசி போட்டா உடம்போட காவலும் சேர்ந்துல்ல மரத்துப்போகும்" என்று வராந்தாவில் எவனோ சொல்லிவிட்டுப் போனான். நாக்கில் நரம்பில்லாத ஜென்மம். அந்த ஒரு வாக்கியம் அக்காவை விடவே இல்லை.

எங்கள் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா எடுத்துக்கொண்ட கேள்வியும் அதுதான். அடிபட்டு ரத்தம் இழந்த உடம்பில் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். அப்போது போடும் மரப்பூசி அதை இன்னும் கெடுக்குமா, காக்குமா? எலிகளை முழு மயக்கத்தில் வைத்து, சிறு காயமிட்டு, கொஞ்சம் ரத்தம் எடுத்து, காயத்தைச் சுற்றி ஊசி போடுவோம். பாதி எலிகளுக்கு மஞ்சள் சீட்டுப் புட்டி, பாதிக்குப் பச்சை. ஒன்றில் மரப்பு மருந்து, மற்றதில் வெறும் உப்புநீர். எது எதுவென்று டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாம் நாள் எலியின் வெள்ளை அணுக்களோடு கிருமிகளைக் கலந்து, அவை எத்தனையை விழுங்கின என்று அக்கா எண்ணுவார். ஸ்லைடிலும் அதே நிறச் சீட்டு இருக்கும். அணுவின் விளிம்பில் ஒட்டிய கிருமி உள்ளேயா வெளியேயா என்பது எண்ணுகிறவர் கண்ணைப் பொறுத்தது.

ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. டீ குடிக்கும்போது அக்காவின் வாயோரம் டீ வழிந்தது.

"என்னக்கா, பச்சப்புள்ள மாதிரி ஒழுகுது?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கிள்ளிப் பார்த்தார். "மரத்துப்போச்சு. இப்பதான் மஞ்சள் ஊசி மூடியைக் கடிச்சேன், உள்ள மருந்து கசிஞ்சிருந்துச்சு."

மஞ்சள்தான் மரப்பு மருந்து என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. "யாருக்குத் தெரியப்போகுது? பேசாம எண்ணுங்க" என்றேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

நான்கு நாள் எண்ணினார். ஐந்தாம் நாள் காலை மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்துவிட்டு எழுந்தார்.

"எங்கக்கா?"

"டாக்டரம்மாகிட்ட. என் கண்ணு எந்தப் பக்கம் சாயுதுன்னு எனக்கே தெரியல. பொய்க்கணக்குல வர்ற பதில் எனக்கு வேணாம்."

"அஞ்சு மாச வேலைக்கா! உங்க வேலைச் சீட்டைக் கிழிச்சுடுவாங்க!"

"கிழிக்கட்டும்."

டாக்டரம்மா தாளித்து எடுத்துவிட்டார். அக்கா தலை குனியவில்லை. "ஸ்லைடு எல்லாம் பத்திரமா இருக்குங்கம்மா. சீட்டை மறைச்சு, விஷயம் தெரியாத யாரையாவது விட்டு மொதல்லேர்ந்து எண்ணச் சொல்லுங்க. நான் கிட்டக்கூட வரமாட்டேன்" என்றார். மறுநாளிலிருந்து இடுக்கியால் மூடி கழற்றி ஊசி மட்டும் போட்டார். பக்கத்துக் கட்டிடத்து ஆள் ஒருவர் ஏழு வாரம் உட்கார்ந்து எண்ணினார்.

கடைசியில் டாக்டரம்மா இரண்டு கணக்கையும் மேசைமேல் விரித்தார். உதடு மரப்பதற்கு முன்பு வரை இரண்டும் ஒத்துப்போயின. அந்த நான்கு நாள் மட்டும் உதைத்தது.

"மஞ்சள்ல குறைச்சு எண்ணியிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "விளிம்புல இருந்ததையெல்லாம் வெளியே தள்ளியிருக்கீங்க. புதுசா எண்ணினவர் கணக்குப்படி மரப்பூசி போட்ட எலியோட அணு கொஞ்சம் கூடத்தான் விழுங்கியிருக்கு."

மருந்துக்குச் சாதகமாக எண்ணிவிடுவோமோ என்று பயந்தவர், தன்மேலேயே பழியை எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அப்ப, நான் கேட்டு வாங்குன ஊசி..." அக்காவால் முடிக்க முடியவில்லை.

டாக்டரம்மாவுக்கும் கதை தெரியும். "இது எலிம்மா. மனுஷனுக்கு இதை வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஊசிதான் கொன்னுச்சுன்னு சொல்ல இந்தக் காகிதத்துல ஒண்ணுமே இல்ல."

அக்கா காகிதத்தை எடுத்து வரிவரியாகப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, மூணு டீ சொல்லிட்டு வாடா" என்றார்.