பெஞ்சு போட்டு அடைத்த கதவு

கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த சங்கரிக்கு நன்றாகப் பாட வரும். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷப் பொங்கலுக்கு இசை நாடகம் போடுவதென்று பக்கத்துப் பேட்டையான பெஹாலாவின் தமிழர்கள் தீர்மானித்தபோது, அதை எழுதிய வைத்தியநாதன் முக்கிய வேஷத்தை அவளுக்கே கொடுத்தார். அவர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பாட்டுக் கட்டுவதில் பிரியம் உள்ளவர். கதையும் சங்கரி சொன்னதுதான்.

ஒன்றேகால் வருஷத்துக்கு முன், ஒரிசாவில் பெரும் புயல் அடித்த அந்த அக்டோபரில், சென்னையிலிருந்து அவள் திரும்பிய ரயில் கேந்துபடா என்ற சின்ன ஊரில் நின்றுபோனது. ஊர்க்காரர்கள் கொட்டும் மழையில் வந்து, பயணிகளைக் கைப்பிடித்து அழைத்துப் போய்ப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். இருந்த அவலையும் வெல்லத்தையும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாள் அங்கேதான். கூட வந்திருந்த ஐந்து வயது மகள் சுபிக்ஷா காய்ச்சலோடு கிடந்தாள். இவ்வளவையும்தான் சங்கரி எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். கணவன் கிரிதரிடமும் இதற்குமேல் சொன்னதில்லை.

நாடகத்தில் அவளுக்குத் தலைமையாசிரியர் மனைவி வேஷம். இரண்டாம் நாள் பகலில் வெள்ளம் ஏற, கடலோரக் குப்பத்து ஜனங்கள் ஓடிவந்து பள்ளிக்கூடக் கதவைத் தட்டுகிறார்கள். அவள் உடனே திறந்து, வரவேற்றுப் பாட வேண்டும். ஒத்திகையில் அந்த இடம் வந்தாலே அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது வைத்தியநாதன் வீட்டுக்கே போனாள்.

"சார், அன்னைக்குக் கதவை உடனே திறக்கல."

"என்னம்மா சொல்றே?"

"உள்ள இருந்தமே, ரயில்ல வந்தவங்க, நாங்கதான் பெஞ்சை இழுத்துப் போட்டு அடைச்சோம். இன்னும் ஆள் வந்தா மூச்சு முட்டும், தண்ணியும் உள்ள வந்துடும்னு பயம். நானும் முதுகைக் கொடுத்து நின்னேன். வெளிய ஒரு பொம்பளை 'அபா, அபா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அவங்க பாஷையில அக்கான்னு அர்த்தம்."

"எத்தனை நேரம்?"

"அரை மணி இருக்கும். ஹெட்மாஸ்டர் சம்சாரம் சமையல் கட்டுலேர்ந்து ஓடி வந்து, எங்களைத் தள்ளிவிட்டுத் திறந்தாங்க. பதினேழு பேர் உள்ள வந்தாங்க. கூப்பிட்டவ அதுல இருந்தாளான்னு தெரியல. கேக்கவும் எனக்குத் தைரியம் வரல."

வைத்தியநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொங்கலும் அதுவுமா ஜனங்க குழந்தை குட்டியோட வருவா. அவாகிட்ட இதைச் சொல்லணுமா?"

"அப்ப எனக்கு அந்த அம்மா வேஷம் வேண்டாம் சார்."

"நாலு நாள்ல நான் யாரைத் தேடுவேன்? எழுதினபடி பாடும்மா, போதும்."

விழா அன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. மேடை நடுவில் ஒரு மரக்கதவு. சபையோருக்கு அதன் இரண்டு பக்கமும் தெரியும். உள்ளே பயணிகளும் சங்கரியும். வெளியே குப்பத்துக் குழந்தைகளாக வேஷம் போட்ட ஏழெட்டுப் பேர், அவர்களில் சுபிக்ஷாவும் ஒருத்தி. கிரிதர் ஓரத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தான்.

குழந்தைகள் கதவைத் தட்டினார்கள். சங்கரி கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். பிறகு திரும்பி, பயணிகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளில் ஒன்றை இழுத்து வந்து கதவுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

கிரிதர் வரவேற்புப் பாட்டின் முதல் அடியை வாசித்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. மறுபடி வாசித்தான். திரைக்குப் பின்னாலிருந்து வைத்தியநாதன், "எழுந்திரும்மா, திற!" என்று அடிக்குரலில் பதறினார். குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். சபையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஆர்மோனியமும் நின்றுவிட்டது.

"அம்மா!" சுபிக்ஷாவின் குரல் உடைந்தது. "அம்மா, திறம்மா! தோர்ஜா கோலோ!" என்று தெருவில் பேசும் வங்காளியிலும் கத்தினாள்.

சங்கரி பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் நகரவில்லை.

பயணி வேஷத்தில் இருந்தவர்களில் ஒருத்தி அலமு, பெஹாலாவில் பலகாரக் கடை வைத்திருப்பவள். அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து, "ஏ சங்கரி, புள்ளைங்க அழுவுது, எந்திரி!" என்று தோளைப் பிடித்து இழுத்து, பெஞ்சைக் காலால் ஒதுக்கிக் கதவைத் திறந்துவிட்டாள். குழந்தைகள் ஓடி வந்தார்கள்.

சங்கரி சபையைப் பார்த்து, "நிஜமாவே இப்படித்தான் நடந்துச்சு. பெஞ்சைப் போட்டுக் கதவை அடைச்சவங்கள்ல நானும் ஒருத்தி," என்றாள். பாட்டில்லை. திரையை இறக்கிவிட்டார்கள்.

கை தட்டினவர்கள் கொஞ்சம் பேர். விழாவைக் கெடுத்துவிட்டாள் என்று திட்டினவர்களும் உண்டு. கிரிதர் ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்தான். மினிபஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்று மட்டும் கேட்டான். அவள் அழுதுகொண்டே, வெளியே ஒருத்தி கூப்பிட்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த ஆன்ட்டி கூப்பிட்டப்போ நான் எங்கம்மா இருந்தேன்?" என்று சுபிக்ஷா கேட்டாள்.

"உள்ள. தூங்கிட்டிருந்தே."

"அவங்க வேற இடத்துக்குப் போயிருப்பாங்க இல்ல?"

"தெரியாது கண்ணு."

ஒரு மாதம் வைத்தியநாதன் அவளைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் கையுமாக வந்தார்.

"சித்திரை வருஷப் பிறப்புக்கு சால்ட் லேக்ல இருக்கற நம்ம ஜனங்க போடச் சொல்றா. நீ சொன்னபடியே எழுதிட்டேன். கடைசியில மட்டும், கூப்பிட்டாளே அவளையும் உள்ள கொண்டு வந்துடறேன். ஜனங்களுக்கு மனசு ஆறும்."

"வேண்டாம் சார். எனக்குத் தெரியாததை நீங்க எழுதாதீங்க."

அவர் நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை எடுத்தார். பேனாவை எடுத்து நாலு வரியை அடித்தார்.

ஏப்ரலில் சால்ட் லேக்கில் அப்படியே போட்டார்கள். தலைமையாசிரியர் மனைவியாக அலமு நடித்தாள். சங்கரி பயணிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.