நீலக் கோட்டுக்குக் கீழே நாலு விரற்கடை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளத்தின் உள்விளிம்பில் ஒரு நீலக் கோடு ஓடுகிறது. குட்டிக் குட்டி ஓடுகளை வரிசையாகப் பதித்துப் போட்ட கோடு. தண்ணீர் எதுவரை நிற்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். படிக்கட்டுப் பக்கம் நின்று பார்த்தால் கோடு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். எதிர்முனைக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் தண்ணீர்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதோ என்று குழம்பிப்போவார்கள். தண்ணீர் என்றைக்குச் சாய்ந்து நின்றிருக்கிறது? சாய்ந்து நிற்பது குளம். அது சாய்ந்த நாளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அத்தாதான். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். சாதாரணப் பயமில்லை. குளியலறையில் ஷவர் இருந்தும் வாளியில் பிடித்துவைத்து மொண்டு மொண்டுதான் குளிப்பார். கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூருக்குப் போகும் பேருந்து பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்துவிடுவார், பேருந்து மறுகரை சேர்ந்து நின்ற பிறகுதான் திறப்பார். கடற்கரைக்கு எங்களை அவர் கூட்டிப்போனதே கிடையாது. காரணம் கேட்டால் காரணமெல்லாம் ஒன்றுமில்லை, “பயத்துக்குப் போயி காரணம் கேப்பாங்களா?” என்பார். தேக்கா கடைத்தெருவில் நாற்பது வருடம் கைலிக்கடை நடத்தியவர், எந்த வாடிக்கையாளருக்கும் பயந்து ஒரு வார்த்தை குறைத்துப் பேசாதவர், தண்ணீர் என்றால் மட்டும் இப்படி. நான் பள்ளிக்கூடத்தில் நீச்சல் படித்தபோது வாரம்தோறும் அந்த ஒரு மணி நேரமும் கடையை அடைத்துவிட்டு வேலிக்கு வெளியே வந்து நிற்பார். எனக்கு மானம் போகும். இப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு குளத்தை வெட்டினார் என்றால், அது அம்மாவுக்காக.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. சிகிச்சை கொடுத்த பெண் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தண்ணீருக்குள் தினமும் நடந்தால் உடம்பின் பாரம் காலுக்குத் தெரியாது, கால் மெல்லப் பழகும், விட்டுவிட்டால் கடைசிவரைக்கும் சக்கர நாற்காலிதான். பொது நீச்சல் குளத்துக்கு ஒரு நாள் அம்மாவைக் கூட்டிப்போனேன். தலையிலிருந்து கால்வரை மூடும் உடுப்பெல்லாம் வாங்கித்தான் போனோம். நுழைவாயிலைத் தாண்டி பத்தடி வந்ததும் அம்மா நின்றுவிட்டார். ஈரத் துணி உடம்பில் ஒட்ட ஒட்ட, ஒரு காலை இழுத்துக்கொண்டு, அத்தனை கண்களுக்கு முன்னால் ஏறி இறங்குவதா? நாற்காலியில் உட்கார்ந்தே காலம் கழிந்தாலும் சரி, மாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து நான் கோபத்தில் கத்தித் தீர்த்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அடுத்த வெள்ளிக்கிழமை அத்தா துணி அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தில் அளந்துகொண்டிருந்தார்.

ஆங் மோ கியோவை ஒட்டிய எங்கள் தரைவீட்டின் பின்பக்கம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஒரு மாமரம், துணி காயப்போடும் கம்பிகள், அவ்வளவுதான். மரம் போனது, கம்பி போனது, குழி வந்தது. ஆளுயரம் தோண்டுவதற்கு முன்பே அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. மோட்டார் போட்டு இறைத்தபடியேதான் வேலை செய்தார்கள். மழை பிடித்தால் ஓரத்து மண் பொத்பொத்தென்று விழும். அத்தா கடைக்குப் போகாமல் சமையலறை ஜன்னலில் நின்று, குழிக்குள் இறங்கிய ஆட்கள் ஏறும்வரை எண்ணிக்கொண்டே இருப்பார். நாலு பேர் இறங்கினால் நாலு பேரும் ஏறி வர வேண்டும், அதற்குப் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். தரைக்கு அடியில் இத்தனை தண்ணீருக்கு மேலேதான் இத்தனை வருடம் படுத்துத் தூங்கினோமா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். அன்றையிலிருந்து எனக்கும் கட்டில் அசைவதுபோல இருந்தது. வேலை முடிந்த அன்று சீனக் காண்ட்ராக்டர் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். என்னைக் கேட்காமல் குளத்தைக் காலி செய்யாதே, காலிக் குளம் நல்லதில்லை. மலாயில் இரண்டு தடவை சொன்னார். அத்தாவும் “போலே, போலே”, ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டினார்.

குளம் சின்னது. படிக்கட்டுப் பக்கம் இடுப்பளவு, மறுமுனையில் நெஞ்சளவு. சுவரை ஒட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அக்கம்பக்கத்துக்குத் தெரியாதபடி சுற்றிலும் உயரத் தடுப்பு. முதல் நாள் அம்மா இறங்குவதற்கு முன் அத்தா ஒரு கயிற்றோடு வந்தார். கடையில் கைலிக் கட்டுகளைக் கட்டும் நைலான் கயிறு. ஒரு முனையை அம்மாவின் இடுப்பில் கட்டினார், மறுமுனையைத் தன் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா, “என்னங்க, ஆடா மேய்க்கிறீங்க?” என்று கேட்டார். அத்தா சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அம்மா போய்த் திரும்புகிற ஒவ்வொரு நடைக்கும் கயிற்றை விட்டு விட்டு இழுத்தார். தினமும் அரை மணி நேரம். முடிந்து எழுந்திருக்கும்போது தண்ணீரில் இறங்காத அவருடைய சட்டைதான் தொப்பலாக நனைந்திருக்கும். ஆனால் நாலாவது மாதம் அம்மா நாற்காலியை விட்டார். எட்டாவது மாதம் கைத்தடியோடு அடுப்படிவரை வந்து, நான் போட்ட டீயைக் குறை சொன்னார். அன்று போல ஒரு டீயை நான் போட்டதே இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்போதுதான் ஊரில் அத்தாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. பத்து நாள் போயே ஆக வேண்டும். கயிற்றை யார் பிடிப்பது? வீட்டில் நீந்தத் தெரிந்த ஒரே ஆள் நான். அத்தாவுக்கு என்மேல் நம்பிக்கையில்லை. “நீ போனைப் பாத்துக்கிட்டே விட்டுருவ புள்ள” என்றார். எனக்குச் சுருக்கென்றது, பேசாமல் இருந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் மோட்டாரைப் போட்டு, குளத்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டார். காண்ட்ராக்டர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் தண்ணீர் இருந்தால் அம்மா இறங்கிவிடுவார், தண்ணீர் இல்லாத குளம் யாரை என்ன செய்துவிடும் என்பது அவர் கணக்கு. அவருக்குப் பயப்படத் தெரிந்தது தண்ணீருக்கு மட்டும்தான். வெறும் குழிக்குப் பயப்பட வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. அத்தா தினமும் ஊரிலிருந்து கூப்பிட்டார். குளத்தில் மழைத்தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும், டெங்கி வரும், அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வருவார்கள், ஒரு சொட்டு நிற்கக் கூடாது என்பார். நானும் நல்ல பிள்ளையாகக் காலையும் மாலையும் மோட்டாரைப் போட்டு இறைத்தேன். அந்த மழைத்தண்ணீரை அப்படியே விட்டிருந்தால் அதுவே குளத்தை அழுத்திப் பிடித்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தபோது, என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. அம்மாவோ பத்து நாள் நடக்காமல் இருந்தால் கால் மறுபடி மரத்துவிடும் என்று பயந்தார். ஐந்தாம் நாள், மழை கொஞ்சம் விட்டிருந்த காலையில், என்னிடம் சொல்லாமல் கைத்தடியை ஊன்றிப் படியிறங்கி, வெறும் குளத்துக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அடுப்படியில் இருந்தேன். கனமான பீரோவை யாரோ தரையோடு இழுப்பதுபோல ஒரு சத்தம். பக்கத்து வீட்டில்தான் என்று நினைத்தேன். இரண்டாவது சத்தத்தில் என் காலடியில் தரை அதிர்ந்தது. அம்மா கத்தவில்லை. “ஏ புள்ள, இங்க வாயேன்” என்றார், மிளகாய்த்தூள் டப்பாவை எங்கே வைத்தாய் என்று கேட்கிற குரலில். ஓடினேன். எதிர்முனையில் குளத்தின் விளிம்பு தரையை விட்டுக் கிளம்பி நின்றது. அதை ஒட்டிய சிமெண்டுப் பலகைகள் உடைந்து சரிந்து கிடந்தன. குளத்துத் தரையின் குறுக்கே ஒரு விரிசல், அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்துகொண்டிருந்தது. அம்மா அந்த முனையில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைத்தடி கைக்கெட்டாமல் கிடந்தது. திரும்ப முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

எனக்கு நீந்தத் தெரியும். ஆனால் முழங்கால்கூட நனையாத தண்ணீரைப் பார்த்து அன்று நான் நடுங்கியதுபோல வாழ்க்கையில் வேறெதற்கும் நடுங்கியதில்லை. இறங்கினால் தரை காலுக்குக் கீழே இன்னும் அசைகிறது. இன்னொரு முறை அது தூக்கினால் நாங்கள் இரண்டு பேரும் அதற்குள்ளேதான். நான் முதல் படியிலேயே நின்றுவிட்டேன். எத்தனை நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும், அவர் இதுவரை சொன்னதில்லை. அங்கிருந்தபடி, “மொதல்ல கயித்த எடு” என்றார். ஆணியில் தொங்கிய அந்த நைலான் கயிற்றை எடுத்தேன். கரையில் பிடிக்க ஆளில்லை. தட்டுத்தடுமாறி அம்மாவிடம் போய், ஒரு முனையை அவர் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டினேன். ஒரு பயனும் இல்லாத வேலை. ஆனால் கட்டிய பிறகுதான் என் கால் எனக்கு அடங்கியது. சேற்றில் வழுக்கி வழுக்கி, அம்மாவைப் பாதி தூக்கி பாதி இழுத்து, படியேற்றிப் புல்லில் உட்காரவைத்தேன். அதன் பிறகுதான் அம்மாவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

காண்ட்ராக்டரைப் போனில் பிடித்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஆள் யாராவது உள்ளே இருக்கிறார்களா? இல்லை என்றதும், இருக்கிற குழாயையெல்லாம் திறந்துவிடு, நிரப்பு, நிரப்பு என்றார். அடியில் ஊறிய தண்ணீர் வெறும் குளத்தை ஓடம்போலத் தூக்கிவிட்டது, உள்ளே தண்ணீர் நிரம்பினால்தான் அது அடங்கும். அவர் ஆட்களோடு வந்து, சுற்றிலும் குழாய் இறக்கி நிலத்தடி நீரை இறைத்து, விரிசலை அடைத்து, மறுபடி நிரப்பிக் கொடுத்தார். ஆனால் எழும்பிய முனையைக் கீழே அமர்த்த முடியாது, அமர்த்துவதானால் எல்லாவற்றையும் உடைத்துத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தாகிட்ட சொல்லிராத. மண்ணப் போட்டு மூடிருவாரு. அப்புறம் நான் எங்க நடக்குறது?” என்றார். அடுத்த ஐந்து நாளும் அத்தா கூப்பிட்டபோதெல்லாம் மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்தேன்.

அத்தா விமான நிலையத்திலிருந்து வந்ததும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பின்பக்கம் போனார். உடைந்த பலகைகளையெல்லாம் மாற்றியிருந்தோம். ஆனால் நாற்பது வருடம் துணியின் கரை நேராக ஓடுகிறதா என்று பார்த்த கண் அது. நீலக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு முறை பார்த்தார். காண்ட்ராக்டரின் எச்சரிக்கை அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. “உள்ள யாரு இருந்தா?” என்றுதான் கேட்டார். அம்மா, “நான்தான்” என்றார். அத்தா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்து மஃக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று இரவு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் மண் லாரி வரும் என்று நான் காத்திருந்தேன். காலையில் அத்தா பழைய கைலியும் பனியனுமாக வந்தார். கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினார். மறுமுனையை என்னிடம் நீட்டி, “கெட்டியாப் பிடிச்சுக்க, புள்ள” என்றார். போனை நான் வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பிஸ்மில்லா சொன்னார். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் உடம்பு முழுவதும் ஆடியது, தாடை ஆடியது, கயிறு வழியாக அந்த ஆட்டம் என் கைக்கு வந்தது. தண்ணீருக்குள் ஏற்கெனவே நின்றிருந்த அம்மா கையை நீட்டினார். இரண்டு பேரும் நடந்தார்கள். யாரை யார் பிடித்து நடத்தினார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம், ஒரு நாளும் அத்தா கரையில் உட்கார்ந்ததில்லை. அவர் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கடைசிவரை பிஸ்மில்லா சொல்லித்தான் ஒவ்வொரு படியும் இறங்கினார். யாராவது கேட்டால், “அந்தப் பக்கம் நாலு வெரக்கடை ஆழம் கொறஞ்சிருச்சு லா, அதான் எறங்குறேன்” என்பார். அத்தா மவுத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அம்மாவோடு தண்ணீரில் நடப்பது நான். நான் நீந்தத் தெரிந்தவள், ஆனாலும் கயிற்றை இரண்டு பேர் இடுப்பிலும் கட்டாமல் இறங்குவதில்லை. பெரிய மழை பெய்தால் இன்றைக்கும் முதலில் ஓடிப்போய் குளம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

போன மாதம் விளிம்பில் சில ஓடுகள் பெயர்ந்து, அவற்றை ஒட்ட ஊர்க்காரத் தம்பி ஒருவர் வந்தார். கோட்டைப் பார்த்துவிட்டு, மேல் வரிசையைப் பெயர்த்துத் தண்ணீர் மட்டத்துக்கே நேராகப் போட்டுவிடலாம், சாய்ந்திருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. அம்மா அப்போது எதிர்முனையில், கோட்டுக்குக் கீழே காய்ந்திருந்த அந்த நாலு விரற்கடை ஓட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“வேணாம் தம்பி. அது சாஞ்ச பெறகுதான் அவரு எறங்கி வந்தாரு.”

அந்தத் தம்பி பெயர்ந்த ஓடுகளைப் பழைய கோட்டோடு சேர்த்து, சாய்வாகவே ஒட்டிவிட்டுப் போனார்.