மூன்று புள்ளி, ஒரு கோடு

துணி வெளுத்துத் தேய்க்கிறவனுக்கு ஆட்களின் முகம் பிந்தித்தான் தெரியவரும். காலர்தான் முதலில் தெரியும். எவன் வலது பக்கம் அதிகம் வேர்ப்பான், எவன் அணைக்காத பீடியைப் பையில் போட்டு ஓட்டையாக்குவான், எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு மூன்று நாளாக ஒரே சட்டையில் திரிகிறான், எல்லாம் துணி சொல்லிவிடும். நாம் யாரிடமும் சொல்லக் கூடாது. முடி வெட்டுகிறவர்கள், தையல்காரர்கள், செருப்புத் தைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்தவன் மானம் நம் கையில் இருக்கும். நம் மானம் கசங்கினால் தேய்த்துக் கொடுக்க ஆள் கிடையாது.

நாகர்கோவிலில் வடசேரிக்குப் போகிற வழியில் ஒரு சந்து. அதில் பச்சைப் பெயின்ட் அடித்த மூன்று மாடி லாட்ஜ். மாடிப்படிக்குக் கீழே என் கடை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மேலே இருந்தவர்கள் கவிதை எழுதுகிறவன், நாடகம் போடுகிறவன், படம் வரைகிறவன், எந்த வேலைக்கும் போகாமல் வேலைக்குப் போகிறவர்களைத் திட்டுகிறவன். இன்று அந்த லாட்ஜ் காபிக்கடை ஆகிவிட்டது. அங்கே வந்து உட்கார்ந்து, அந்தக் காலம் பொற்காலம் என்று பேசுகிறார்கள். பொற்காலத்தின் அழுக்குத் துணி முழுவதும் என் கைவழியாகத்தான் போயிற்று. அதனால் எனக்கும் சொல்ல நாலு வார்த்தை உண்டு.

ஐந்து பேருக்கு ஒரு சட்டை

மூன்றாம் மாடிக் கடைசி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து உருப்படியாக ஒரு வெள்ளைச் சட்டைதான். அது அவர்கள் அறையில் இருந்தால் பீடி நெருப்பில் போய்விடும் என்று என் கடை ஆணியிலேயே தொங்கும். வேலைக்கு நேர்முகம், கல்யாணம், துக்க வீடு, எதற்குப் போகிறவனோ அவன் வந்து எடுத்துக்கொள்வான். போட்டவன் திரும்பி வந்து கடையில் போட வேண்டும், நான் வெளுத்து மறுபடி மாட்ட வேண்டும். சட்டை அவர்களில் தடித்தவன் அளவுக்குத் தைத்தது. ஒல்லிக்காரர்கள் முதுகில் ஊக்குக் குத்திக்கொண்டு போவார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் எட்வின். கருங்கல் பக்கத்துப் பையன், அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். இப்போது வேறு பெயரில் பெரிய எழுத்தாளர். எனக்கு அவன் எட்வின்தான், காலரில் வலது பக்கம் மட்டும் வேர்க்கிற எட்வின். நான் தேய்க்கும்போது எதிரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதை வாசித்துக் காட்டுவான். பாதி எனக்குப் புரியும். மத்தியானம் ஆனால் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவான். என் மனைவி செல்லம்மை மரச்சீனிக்கிழங்கு அவித்து மீன்கறி ஊற்றிக் கொடுப்பாள். சட்டைக்கு முறை வந்த நாளில் மட்டும் அவனுக்குக் கவிதை, கறி எதுவும் நினைவிருக்காது. படியிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வருவான்: "இன்னைக்கு ஆளு நாந்தான் அண்ணே, எடும் சட்டையை!"

ராஜா நெஞ்சில் ஓட்டை

இரண்டாம் மாடியில் மாசிலாமணி என்று ஒரு நாடக நடிகர். எந்த நாடகம் என்றாலும் அவர்தான் ராஜா. அரிசிக்கு வழியில்லாத நாளிலும் நடையில் ராஜாதான். ஒருநாள் ராஜா வேஷத்து வெல்வெட் உடுப்பைத் தேய்க்கக் கொண்டுவந்தார். வெல்வெட்டில் நேராகப் பெட்டியை வைக்கக் கூடாது, நனைத்த துணியை மேலே போட்டு ஆவியில்தான் தேய்க்க வேண்டும். அப்போதெல்லாம் தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட பெட்டி. அன்று காற்றில் ஒரு பொறி பறந்து, சரியாக நெஞ்சுக்கு நேரே விழுந்தது. ஐந்து பைசா அளவுக்கு ஓட்டை.

சாயங்காலம் நாடகம். உடுப்பை மடித்துக் கொடுத்துவிட்டு, போய்க் கடைசியில் நின்றேன். அவர் மேடைக்கு வந்தார், ஓட்டையில் விரலை வைத்தார், "மந்திரி, பார்த்தாயா! பகைவன் எறிந்த நெருப்பு, நெஞ்சைத் தொட்டது, அஞ்சவில்லை நாம்!" என்று எழுதாத வசனத்தைப் பேசினார். கை தட்டினார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் பல் விளக்கிக்கொண்டே சொன்னார்: "விடும் ஓய் தங்கப்பா, உம்மையும் கதையில சேத்தாச்சி. அந்தப் பகைவன் நீருதான்."

இரவல்

எட்வினுக்கு ஒரு கவிதைக்காகப் பரிசு அறிவித்திருந்தார்கள். மண்டபத்தில் விழா, பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அன்று மத்தியானம் பார்த்தால் வெள்ளைச் சட்டை ஆணியில் இல்லை. ஐந்து பேரில் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு பேச்சிப்பாறைக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். அங்கே மழை, பஸ் இல்லை. எட்வின் பனியனோடு என் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். அழுதால் நான் இளகிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

அலமாரியில் வக்கீலின் சந்தன நிறச் சட்டை தேய்த்து மடித்து இருந்தது. அடுத்த தெருவில் குடியிருந்த வக்கீல் அவர். திருவனந்தபுரத்தில் கேஸ், திங்கட்கிழமை துணி போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரவல் கொடுப்பது நம் தொழிலில் கழுத்தைக் கொடுப்பது மாதிரி. இருந்தும் எடுத்தேன். காலரைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டை மையில் குச்சி தொட்டு வைப்பது, துணி கிழிந்தாலும் குறி போகாது. "பாத்துக்கோ மக்கா. மூணு புள்ளி, ஒரு கோடு. இது வக்கீலுக்க குறி. காலரைத் தூக்காதே, நேரா இங்க வந்து கழத்து" என்றேன். "உயிரு போனாலும் சொல்ல மாட்டேன் அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கேஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, வக்கீல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் எட்வினுக்குப் போர்த்திய பொன்னாடை சட்டையை மூடியிருந்தவரைக்கும் தப்பித்தோம். விழா முடிந்து எட்வின் கீழே இறங்கினான், பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். வக்கீல் கை கொடுக்க வந்தவர் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் அவர் பேனா ஒழுகிய தடம் இருந்தது. எத்தனை வெளுத்தும் பிறை மாதிரி மங்கலாக நிற்கும். ஒரு விரலால் காலரைத் திருப்பினார். சுற்றிலும் ஆட்கள். "இது யாருக்க சட்டை தம்பி?" என்று கேட்டார். எட்வின் என்னைப் பார்த்தான். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தேய்ப்புக்காரரு மாத்தித் தந்துட்டாரு போல சார். பாவம், படிப்பில்லாத மனுசன்."

திருடனா, மடையனா

மறுநாள் காலையில் வக்கீல் கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. அவருடைய துணி ஒன்றுவிடாமல் எடுத்து மேசையில் வைக்கச் சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, எட்வின் என்னை எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான் என்று. தெரிந்துதான் கொடுத்தேன் என்றால் திருடன். தெரியாமல் மாறிவிட்டது என்றால் மடையன். நான் திருடனாகிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே முடித்துவிட்டார்: "களவாண்டிருந்தாக்கூட மன்னிச்சிருவேன் தங்கப்பா. எந்தச் சட்டை யாருக்குன்னு தெரியாதவன்கிட்ட எப்படித் துணி போடுவேன்?"

செல்லம்மை

வக்கீல் போனால் அந்தத் தெருவே போகும். போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு, தங்கப்பனுக்குத் துணி மாறிப்போகும் என்று. எனக்கு ஒரு கைக்குட்டைகூட மாறியதில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல? எட்வின் ஒரே வாரத்தில் அறையைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போனான். என் கடை வழியாக வராமல் பின்படியில் இறங்கிப் போனான் என்று மாசிலாமணிதான் வந்து சொன்னார்.

செல்லம்மை வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அதில் ஒரு வீடு அந்த வக்கீலின் தெருவில்தான். அங்கே பாத்திரம் கழுவும்போது அந்த வீட்டு அம்மா என் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இவள் கழுவினதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். வந்து என் முன்னால் நின்று கேட்டாள்: "உள்ளதைச் சொல்ல அந்தப் பயலுக்கு ஒரு வரி போதுமே, அம்புட்டுக் கவிதை எழுதுதான், அந்த ஒரு வரி வராதா?"

தேய்க்காத மாதிரி

காலம் போயிற்று. மாசிலாமணி போனார், சந்தில் இருந்த அச்சாபீஸ் போயிற்று, பழைய புத்தகக்கடை போயிற்று. லாட்ஜைக் குலசேகரம் பக்கத்து ஷைனி என்கிற பொண்ணு வாடகைக்கு எடுத்துக் காபிக்கடை ஆக்கினாள். நல்ல பொண்ணுதான். என்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. நான் படிக்கட்டுக்குக் கீழே இருந்தால் பார்க்க நன்றாக இருக்கிறதாம். என் பழைய கரிப்பெட்டியைக் கேட்டு வாங்கி, உள்ளே மணி பிளான்ட் வைத்து மேசையில் வைத்திருக்கிறாள். சுவரில் எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் படமெல்லாம் மாட்டியிருக்கிறது. ஐந்து பேர் படமும் உண்டு. அந்த வெள்ளைச் சட்டையும் படத்தில் இருக்கிறது. அதை வெளுத்தவன் படம் கிடையாது, எடுத்தால்தானே இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வட்டக்கோட்டைக்குப் போகிற ஜோடிகள் இங்கே காபி குடித்துவிட்டுப் போவார்கள். ஒரு மாப்பிள்ளை லினன் சட்டை கொண்டுவந்தான். விறைப்பாகத் தேய்த்து, மடிப்பு கத்தி மாதிரி நிற்க, கொடுத்தேன். அவன் முகம் விழுந்துவிட்டது. கையால் கசக்கிக் கசக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்: "அங்கிள், தேய்க்காத மாதிரி தேச்சுத் தாங்க, அதுதான் லுக்."

காலர்

போன மாதம் ஒருநாள் காலையில் ஷைனி ஒரு வெள்ளைக் கதர்ச் சட்டையோடு வந்தாள். சென்னையிலிருந்து ஒரு எழுத்தாளர் பேச வந்திருக்கிறார், காரில் கசங்கிவிட்டது, முன்பு அவர் இந்த லாட்ஜில்தான் இருந்தாராம் என்றாள். நான் காலரைப் பார்த்தேன். வலது பக்கம் மட்டும் வேர்வையில் மங்கியிருந்தது. பெயர் கேட்கவில்லை.

நன்றாகத் தேய்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. பிறகு அலமாரி மேலிருந்து சேங்கொட்டை மைக்குப்பியை எடுத்தேன். காலரின் உள்பக்கம் மூன்று புள்ளி, ஒரு கோடு வைத்தேன். அடுத்தவன் சட்டையில் வேண்டுமென்றே செய்த தப்பு. மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் படிக்கட்டில் நின்று அவன் பேசுவதைக் கேட்டேன். தாடி நரைத்திருந்தது, பேச்சு மட்டும் தேன். ஐந்து பேர், ஒரு சட்டை கதையைச் சொன்னான். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்தது பரிசு வாங்கிய கதை. "கீழே ஒரு தேய்ப்புக்கார அண்ணன். தங்கமான மனுஷர், படிப்பு கிடையாது. வக்கீல் சட்டையை எனக்கு மாத்திக் குடுத்துட்டார்!" எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை ஊரில் இதைச் சொல்லியிருப்பான்?

"எட்வினே" என்று கூப்பிட்டேன். அந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பினான். "அண்ணே! இருக்கீரா?" "இருக்கேன். காலரைத் திருப்பிப் பாரு மக்கா." ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஷைனியே அவன் காலரைத் திருப்பினாள். "மூணு புள்ளி, ஒரு கோடு. இது என்ன சார்?"

அவன் கழுத்தை வளைத்துப் பார்த்தான். கையில் மைக் இருந்தது. யோசிக்க நேரமில்லாமல் வாயில் வந்துவிட்டது: "வக்கீலுக்க குறி." இத்தனை வருஷச் சென்னைப் பேச்சு போய், கருங்கல் பேச்சே வந்துவிட்டது.

"அப்பம் அன்னைக்கும் உனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "தெரியும் அண்ணே. நீரு மாத்தித் தரல்ல. நான்தான் அழுது வாங்கினேன். அந்த இடத்துல பயந்துபோய்ச் சொல்லிட்டேன். பிறகு சொல்லிச் சொல்லி அதுவே கதையாப் போச்சு."

முப்பத்தைந்து வருஷமாக நான் காத்திருந்த வரி அதுதான். சுற்றிப் பார்த்தேன். வக்கீல் செத்துப் பல வருஷம் ஆயிற்று, அவர் பிள்ளைகள் பெங்களூரில். செல்லம்மை போய் நாலு வருஷம். இருந்தவர்களுக்கு வக்கீல் யார், நான் யார் என்றே தெரியாது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஷைனி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்: "செம அங்கிள்! ஐயோ, வீடியோ ஆன் ஆகல்ல. அந்தக் காலரைத் திருப்பச் சொல்லுதது, இன்னொருக்கா சொல்லுவியளா?"

எனக்குத் துணி மாறியதில்லை என்று சாட்சி சொல்ல ஆள் வந்தபோது கேட்க வேண்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அவன் காலரில் இருக்கிற சேங்கொட்டை மைதான், அது சட்டை கிழிந்தாலும் போகாது.