வயதை விட்டெழுதிய அட்டவணை

மட்டக்களப்பில், வாவிக்கரையோரம் உள்ள ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மற்றவர் எழுத்தில் ஒரு தசமப்புள்ளி பிசகினாலும் சண்டைக்குப் போகிறவள் நான். அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

கரடியனாற்றுப் பக்கம் ஒரு விலங்குக் காப்பகம் இருக்கிறது. வீடுகளில் சங்கிலியில் கிடந்து மீட்கப்பட்ட குரங்குகளை அங்கே வைத்துப் பார்க்கிறார்கள். அவற்றின் இரத்தம் எங்களிடம்தான் வரும். மனிதருக்குரிய அளவுகள் குரங்குக்குப் பொருந்தாது என்பதால், மிருக வைத்தியர் தந்த புத்தகத்தைப் பார்த்து ஓர் அட்டவணையை நானே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அளவு மீறினால் சிவப்புப் பேனையால் அடிக்கோடு இடுவது எங்கள் வழக்கம்.

போன வருடம் அங்கிருந்த கிழட்டுப் பெண் குரங்கொன்று சாப்பாட்டை நிறுத்திவிட்டது. பராமரிப்பாளர் அதன் இரத்தத்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தார். அறுபது தாண்டிய மனிதர். இருபது வருடமாகத் தன் கையால் அதற்குச் சோறு கொடுத்தவர். அட்டவணையோடு ஒப்பிட்டேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருந்தது. கோடு போட்டேன்.

"சிவப்பாக் கிடக்கே பிள்ள, அவளுக்குக் கடுமையோ?"

"ஓம் ஐயா. சிறுநீரகம் பழுதாப் போச்சு போல."

அப்படிச் சொல்வது என் வேலையே அல்ல. அறிக்கையைப் பார்த்த வைத்தியர், வேதனைப்பட விடக்கூடாதென்று மறுநாளே கருணைக்கொலை ஊசி போட்டார். பராமரிப்பாளர்தான் குரங்கை மடியில் வைத்திருந்தாராம்.

பிறகு உடலை அறுத்துப் பார்த்த வைத்தியர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சிறுநீரகத்தில் பழுது எதுவும் இல்லை. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது, அதனால்தான் சாப்பிடவில்லை. ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். அந்த அளவுகளெல்லாம் இளம் குரங்குகளுடையவை, வயது போனவற்றுக்குக் கூடுதலாக இருக்கும் என்று பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அட்டவணையில் இடமில்லை என்று அந்த ஒரு வரியை நான்தான் விட்டிருந்தேன்.

அடுத்த கிழமை, நன்றாகத் தின்று திரியும் ஐந்து கிழட்டுக் குரங்குகளின் இரத்தத்தை வைத்தியர் அனுப்பினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய அட்டவணைப்படியே கோடிடச் சொல்லியிருந்தார். ஐந்துக்கும் கோடு விழுந்தது.

அறிக்கைகளை வாங்கிய பராமரிப்பாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுகளுக்கும் ஊசியா பிள்ள?"

"இல்ல ஐயா. இதுகளுக்கு ஒண்டுமில்ல. வயசுக்கு உள்ளதுதான்."

அவர் அறிக்கைகளை மேசையில் வைத்தார்.

"அப்ப அவளுக்கு?"

"அவளுக்கும் வயசுதான் ஐயா," என்றேன். "கோடு போட்டது நான்."