எந்த ஊருக்கும் வேண்டாம் என்றவர்

போன வாரம் உளுந்து வயலில் நின்றுகொண்டிருந்தபோது அஞ்சலாட்சி அக்காவின் மகன் ஆறுமுகத்தின் போன் வந்தது. "மாமா, அம்மா போயிட்டாங்க. டீ குடிச்சிட்டு நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு ஏத்துறதுக்குள்ள..." நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலாட்சி அக்கா இல்லை என்பதை ஊரில் யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதவர்கள் எங்கள் ஊரில் சிலர்தான். அவர்களுக்கும், கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அவரோடு கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கடலூருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்றவர் அவர். கப்பலில் வந்திறங்கும் எண்ணெயை உள்நாட்டுக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய் முதலில் அந்தக் குப்பத்தின் வழியாகத்தான் போவதாக இருந்தது. ஊரே எதிர்த்தது. பெண்களைத் திரட்டிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரவைத்தவர் அக்கா. கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதையை மாற்றினார்கள். குப்பத்தில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். மாற்றிய பாதை புவனகிரிக்குக் கிழக்கே எங்கள் வயல்களின் மேல் விழுந்தது. அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அளக்க வந்தவர்களை ரோடு போட வந்தவர்கள் என்று நினைத்து மோர் கொடுத்து அனுப்பியிருந்தோம்.

ஒரு மத்தியானம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். டீக்கடையில் இருந்த என்னிடம்தான் முதலில் பேசினார்.

"இங்க வெவசாயம் பண்றவங்க யாரு தம்பி?"

"நான்தாம்மா. என்னா வேணும்?"

"எண்ணெய்க் கொழாய் ஒன்னு ஒங்க ஊரு வழியா வருது. எங்க ஊர்லேர்ந்து இங்க தள்ளிவுட்டதுதான் அது. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

விஷயம் புரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "நீங்க தப்பிச்சிட்டு எங்க தலையில கட்டிட்டீங்க. இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கத்தினேன்.

"எங்க ஊருக்கு வாணாம்னுதான் சொன்னேன் தம்பி. ஒங்க ஊருக்குப் போன்னு சொல்லல."

அந்தக் குரலில் இருந்த கலக்கத்தைக் கேட்ட பிறகு என்னால் கத்த முடியவில்லை. எந்த ஆபீசுக்குப் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கடைசி பஸ்ஸில் போனார். அவருக்கு எங்கள் ஊரில் உறவு என்று ஒருவரும் கிடையாது.

புவனகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கம்பெனி சார்பில் பேசிய இன்ஜினியர் பொறுமையானவர். எண்ணெயை டேங்கர் லாரியில் கொண்டுபோவதைவிடக் குழாயில் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு, ரோட்டில் லாரி கவிழ்ந்தால் எத்தனை உயிர் போகும் என்று கேட்டார். அதைப் பொய் என்று நான் இன்றுவரை சொல்லமாட்டேன். அக்கா எழுந்தார்.

"ரோட்ல கவுந்தா ஒலகத்துக்கே தெரியும். மண்ணுக்குள்ள கசிஞ்சா யாரு பாக்குறது?"

"அதுக்குக் கருவி இருக்கும்மா. உடனே வால்வை மூடிடுவோம்."

"கருவிக்குத் தெரியறதுக்குள்ள இவுங்க போர்த் தண்ணியில கலந்துடுமே சார்?"

"அதுக்கான ரிஸ்க் ரொம்பக் கம்மிம்மா."

"கம்மிதான். அந்தக் கம்மி யாரு வூட்டுக்குன்னுதான் கேக்குறேன்."

இன்ஜினியர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஆளைப் பேசக் கூப்பிட்டார்.

அந்தப் பேச்சுக்கு அக்கா கொடுத்த விலை பெரியது. நமக்கு வராமல் போனதை இவர் கிளறிவிட்டுத் திரும்ப வரவைத்துவிடுவார் என்று குப்பத்தில் பயந்தார்கள். ஏலத்தில் அவருக்கு மீன் தரக்கூடாது என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்டால்கூடக் கதவைச் சாத்தினார்கள். அவர் பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போய் மீன் எடுத்து விற்றார். நாங்கள் வருத்தப்பட்டபோது, "கடலு ஒன்னுதான், எங்க எடுத்தா என்னா" என்றார். ஆனால் முன்போல் தன்னை யாரும் திருவிழாவுக்கு அழைப்பதில்லை என்று சொன்னபோது அழுதார்.

எங்கள் எதிர்ப்பு வலுத்ததும் அதிகாரிகள் ஒரு வழி சொன்னார்கள். குழாயை இன்னும் தெற்கே தள்ளிக்கொள்கிறோம், நீங்கள் கையெழுத்துப் போட்டுப் போராட்டத்தை விடுங்கள். எங்களில் பலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. எனக்கும்தான். கோயில் வாசலில் கூடிப் பேசினோம். ஓரமாக உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார்: "தெக்க எந்த ஊரு?"

யாரும் வாய் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அந்த ஊரில் பெண் எடுத்தவர்கள்கூட எங்களில் உண்டு.

"பேரச் சொல்ல முடியலன்னா அப்புறம் எப்படி கையெழுத்துப் போடுவீங்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நான் ஒரு தடவ போட்டுட்டேன். அது எங்க போச்சுன்னு இங்க வந்து பாத்த பொறவுதான் தெரிஞ்சுது."

அன்று ராத்திரிவரை சண்டை. கடைசியில் கை தூக்கி முடிவு செய்தோம்: தள்ளிவிடச் சம்மதமில்லை, திட்டமே வேண்டாம். கொஞ்சம் கைகள்தான் வித்தியாசம். வேண்டாம் என்று தூக்கியதில் என் கையும் இருந்தது.

நாங்கள் தோற்றோம். கோர்ட்டிலும் தோற்றோம். சம்பா அறுவடை முடிந்த கையோடு போலீஸ் காவலுடன் மெஷின்கள் வந்து வயலைப் பிளந்தன. அக்கா வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றார். என் மனைவி மல்லிகா அவரைப் பார்த்து, "ஒரு கையெழுத்துல போயிருக்கும். ஒங்க பேச்சக் கேட்டுத்தான் எங்க நெலம் போச்சு" என்று சொல்லிவிட்டாள். "ஆமாம்மா, என்னாலதான்" என்றார் அக்கா. பிறகு மல்லிகாவின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை இருவரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நிலம் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் குழாய் போகும் இடத்தில் மரம் வைக்கக்கூடாது, போர் போடக்கூடாது, வீடு கட்டக்கூடாது. அங்கே பயிர் இன்னும் நோஞ்சானாகத்தான் வருகிறது. இதுவரை கசியவில்லை. கசிந்தால் எனக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை.

சாவுக்கு எங்கள் ஊரிலிருந்து நானும் மல்லிகாவும் மட்டும் போனோம். குப்பத்தில் பாதி வீடுகள் சாத்திக் கிடந்தன. அவர் காப்பாற்றிய ஊர் அது. பாடையைத் தூக்க ஆள் போதாமல் நானும் தோள் கொடுத்தேன். வழியில் ஒரு பெரியவர், "நல்ல பொம்பளதான். ஊரோட ஒத்துப் போயிருக்கலாம்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மல்லிகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். போராட்டத்தால் ஒரு சாண் மண்ணைக்கூட நாங்கள் மீட்கவில்லை. ஆனால் ஒன்றை என்னிடம் நானே மறைக்க முடியவில்லை. அந்தக் குழாய் தெற்கே அந்த ஊரின் அடியில் ஓடியிருந்தால், நான் இங்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒரு நாள்கூட அந்த ஊரை நினைத்திருக்க மாட்டேன். அப்படித் தூங்குகிற ஆளாக என்னை ஆகவிடாமல் தடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அஞ்சலாட்சி அக்கா.