பேரில்லாத டப்பா

துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் பலகை வழுக்கி விழுந்தேன். முதுகு போயிற்று. குனிந்தால் நிமிர நேரமாகும். மேஸ்திரி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை.

யுத்தம் முடிந்த சமயம் அது. பட்டாளத்துக்காரர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். தின்னாமல் மிச்சம் வைத்ததை ஏலம் விட்டார்கள். வண்ணாரப்பேட்டையில் தகரக் கொட்டகை வைத்திருந்த ஒரு பாய் அதில் பெட்டி பெட்டியாக எடுத்தார். எல்லாம் டப்பா. மேலே ஒட்டின காகிதம் மழையில் ஊறி உரிந்துபோயிருந்தது. சிலதுக்குக் காகிதமே கிடையாது. பச்சைச் சாயம் அடித்து, மூடியில் இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும் குத்தியிருக்கும். அது பட்டாளத்துக்குத்தான் புரியும்.

உள்ளே இருப்பது தெரியாமல் விற்க முடியாது. திறந்து பார்த்தாலும் பாதிச் சாமான் கண்ணுக்குப் பிடிபடாது. வாயில் போட்டால்தான் தெரியும். பாய் வாயில் போட முடியாது. ஆட்டுக்கறியே ஆனாலும் அறுத்தது யார் என்று தெரியாது. பன்றி என்றால் பேச்சே இல்லை. அதனால் ஒரு ஆள் தேடினார். நான் போய் நின்றேன்.

"ராயபுரம்தானே? சர்ச்சுக்காரன்தானே?"

"ஆமா பாய்."

"மாடு?"

"துன்னுவேன்."

"பன்னி?"

"கிறிஸ்மஸ்க்கு வூட்ல அதான்."

"அப்ப நீதான்பா ஆளு" என்றார். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு குரலை இறக்கினார். "கேட்டுக்கோ நைனா. நம்ம தெருவுல எல்லாருக்கும் நான் வாய்வுட்டு சொல்லிகீறேன். பாய் குடுக்குற டப்பால கறி இருக்காது, கொழுப்பு இருக்காது, கண்ண மூடிகினு துன்னுங்கன்னு. அவங்க என்ன நம்பி துன்னப் போறாங்க. நான் உன் நாக்க நம்பி குடுக்கப் போறேன். கறி இருந்தா கறின்னு சொல்லு. சந்தேகம் இருந்தா சந்தேகம்னு சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

சரி என்றேன்.

வேலை இதுதான். ஒரே குறி போட்ட பெட்டிகளை ஒரு பக்கமாக அடுக்குவோம். அதில் ஒரு டப்பாவை எடுத்து உளியும் சுத்தியலும் வைத்துத் திறப்பேன். தின்பேன். சொல்வேன். பாய் பெட்டி மேல் சுண்ணாம்புக்கட்டியால் படம் போடுவார். மீனுக்கு மீன். பழத்துக்கு வட்டம். மாட்டுக்குக் கொம்பு. கறி எதுவானாலும் மேலே ஒரு பெருக்கல் போடுவார். பெருக்கல் போட்டது ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், வீடுகளுக்குப் போகும். போடாதது எங்கும் போகும். பாயின் தெருவுக்கும் போகும்.

தின்கிற வேலை என்று பேர்தான் பெரிது. முதல் வாரத்திலேயே அலுத்துவிட்டது.

மஞ்சள் மண் மாதிரி ஒரு தூள். தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். நனைந்த கோழி வாடை. முட்டையைத்தான் காயவைத்து இடித்திருக்கிறார்கள் என்று புரிய அரை நாள் ஆயிற்று. தலையில்லாத மத்தி மீன் எண்ணெயில் படுத்திருந்தது. எங்கள் கரையில் கூடைகூடையாக வருகிற மீன். டப்பாவில் வைத்துப் பார்க்க அதுவே அந்நியமாக இருந்தது. ஒரு டப்பாவில் சிவப்புத் தண்ணீர். ரோஜாப்பூ சர்பத்தாக இருக்கும் என்று பாய் ஆசைப்பட்டார். ஒரு லோட்டா குடித்தேன். உப்பு. தக்காளியைப் பிழிந்து உப்புப் போட்டிருந்தார்கள்.

"இத யாரு பாய் குடிப்பாங்க?"

"வெள்ளக்காரன் குடிப்பான். பாவம், அவன் ஊர்ல ரசம் கெடயாது."

பாய்க்கு இன்னொரு குணம் இருந்தது. தின்ன முடியாதவர். ஆனால் ருசியைக் கேட்காமல் விடமாட்டார். தோலும் கொட்டையும் எடுத்துப் பாதியாக வெட்டின மஞ்சள் பழம் ஒன்று பாகில் கிடந்தது. அதை நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழம்தான், அவரும் தின்னலாம். ஆனால் எல்லா டப்பாவையும் திறப்பது ஒரே உளி. அந்த உளி பட்டதை அவர் தொடமாட்டார்.

"எப்டிகீது?"

"இனிப்பு."

"மாம்பழ இனிப்பா? சப்போட்டா இனிப்பா?"

"வேற இனிப்பு பாய்."

"உன்கிட்ட கேக்கறதுக்கு இந்த செவுத்த கேக்கலாம்" என்று சலித்துக்கொள்வார். மறுநாள் மறுபடியும் கேட்பார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நாக்கு செத்திருக்கும். மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள். அந்த வாசனைக்காக ஒரு காலத்தில் வேகமாக நடந்து வருவேன். இப்போது வாயில் போட்டால் தகரம்தான். அவளுக்கு அது கோபம்.

"இன்னிக்கி இன்னா துன்ன?"

"மஞ்சளா ஒண்ணு. கட்டியா. சோப்பு மாதிரி."

"அப்ப ரெண்டு எடுத்துகினு வா. துணி தொவைக்க ஆவும்."

திறந்த டப்பாவில் மிச்சத்தை எடுத்துப் போகச் சொல்வார் பாய். அவள் வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் ஒரு தட்டைப் போட்டு மூடி கொட்டகையிலேயே வைத்துவிட்டு வருவேன். காலையில் நாய்க்குப் போடுவேன். நாய் சிலதைத் தின்னும். சிலதை முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கும்.

தை மாதம் ஒரு சுமை வந்தது. நிறையப் பெட்டி. கனமான டப்பா. மத்தியானம் திறந்தேன். உச்சி வெயில். தகரக் கூரை கொதித்தது. உள்ளே சின்னச் சின்ன வெள்ளை மொச்சை. சிவப்பாகக் குழம்பு. மேலாக மூன்று கரண்டி அள்ளித் தின்றேன். தித்திப்பு, கொஞ்சம் புளிப்பு. வெந்த மொச்சை. கறி இல்லை.

"மொச்ச பாய்."

"மொச்சயா? வெறும் மொச்சயா?"

"தித்திப்பா கீது. எண்ணெ வுட்டுகீறான்."

பாய் எழுந்து நின்றுவிட்டார். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். கார்டுக்குப் போடுகிற அரிசி யாருக்கும் போதவில்லை. மொச்சை வயிறு நிறைக்கும். தெரு முழுக்கக் கொடுக்கலாம். பெட்டி மேல் உடனே மொச்சைக்காய் படம் போட்டார். தண்டையார்பேட்டையில் அவருடைய தங்கை வீட்டில் மறுநாள் மத்தியானம் விருந்து. மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தம் வருகிறார்கள். சாயங்காலமே ஒரு பெட்டியை ஜட்காவில் ஏற்றித் தங்கைக்கு அனுப்பினார். மற்றது மறுநாள் தெருவுக்கு என்றார். நான் டப்பாவைத் தட்டு போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை பனி. கொட்டகை சில்லென்று இருந்தது. நாய்க்குப் போட டப்பாவை எடுத்தேன். தட்டைத் தூக்கினால் மொச்சை தெரியவில்லை. மேலே வெள்ளையாக ஏடு உறைந்திருந்தது.

அதை நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில், எங்கள் வீட்டுக் கறிச் சட்டியில். விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். உருகியது. சந்தேகம் இல்லை. கரண்டியை அடி வரைக்கும் விட்டுத் துழாவினேன். ஒரு சின்னத் துண்டு வந்தது. கட்டை விரல் நகம் அளவு. வெள்ளைக் கொழுப்பு, ஓரத்தில் தோல். டப்பாவுக்கு ஒரே ஒரு துண்டு, வாசனைக்குப் போட்டிருக்கிறார்கள். நேற்று வெயிலில் கொழுப்பு உருகி எண்ணெயாக நின்றது. துண்டு அடியில் கிடந்தது. நான் மேலாகத் தின்றிருந்தேன்.

பாய் பள்ளிவாசலிலிருந்து நேராக வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"தெருவுல சொல்லிட்டேன் நைனா. பத்து மணிக்கு வரச் சொல்லிகீறேன்."

கரண்டியைக் காட்டினேன். "பாய், இது மொச்ச மட்டும் இல்ல. பன்னி."

அவர் கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நெய்யா இருக்கும்பா. குளுருக்கு நெய் ஒறையும்."

"நெய்யி இல்ல. தோலு கீது பாருங்க."

பார்க்கவில்லை. பின்னால் நகர்ந்தார். பிறகு, "தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். செருப்பு மாட்டாமல் தெருவுக்கு ஓடினார். கொட்டகையைப் பூட்டிக்கொண்டு நானும் பின்னால் போனேன். முதுகு வலித்தது.

ஜட்கா கிடைத்தது. வண்டிக்காரரிடம் பாய் சீக்கிரம் சீக்கிரம் என்றார். குதிரைக்கு வயசு. ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி முன்னால் கொஞ்சம் போயிற்று. நின்றது. பின்னால் கொஞ்சம் வந்தது.

"இன்னா பாய், கல்யாண வூடா, சாவு வூடா? இப்டி பதர்றீங்க" என்றார் வண்டிக்காரர்.

 பாயின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் கழித்து என்னிடம், "விருந்தாளிங்க வேற துன்னுட்டா நான் எந்த மூஞ்ச வெச்சிகினு அந்த வூட்டுக்குப் போவேன்?" என்றார். "அவ என்ன நம்பி அடுப்புல ஏத்தியிருப்பா."

என் நாக்குதான் சொன்னது மொச்சை என்று. அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். கூட்ஸ் வண்டி கடைசியில் போயிற்று.

தங்கை வீட்டுச் சந்துக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. டங் டங் என்று. பாய் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார்.

முற்றத்தில் தங்கையின் புருஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். பனியன் நனைந்திருந்தது. முன்னால் ஒரு டப்பா. ஒரு கையில் அம்மிக் குழவி. பக்கத்தில் வளைந்துபோன கரண்டி, முனை மழுங்கின அரிவாள்மணை. டப்பா நாலு பக்கமும் நசுங்கியிருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வா மச்சான். இன்னா, உள்ள வெடிகுண்டு வெச்சி அனுப்சிகீறியா? காத்தாலேர்ந்து ஒடைச்சிகினு கீறேன்."

"ஒண்ணுகூட தொறக்கலியா?"

"எங்க தொறக்குது? உன் தங்கச்சி நாலு வாட்டி கேட்டுட்டா, நீ ஆம்பளயான்னு."

பாய் அப்படியே முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். டப்பாவை ஏலத்தில் எடுத்தோம். திறக்கிற கத்தியை யாரும் எடுக்கவில்லை. எங்களிடம் உளி இருந்தது. அவர்களிடம் என்ன இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அதுதான் அன்றைக்குக் காப்பாற்றியது.

நான் பெட்டியில் டப்பாக்களை எடுத்து அடுக்கினேன். நசுங்கினதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கசியவில்லை. ஆனாலும் குழவியையும் அரிவாள்மணையையும் கழுவிவிடச் சொன்னேன். பாய் விஷயத்தைச் சொன்னார். மச்சான் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அண்ணே, அப்ப மத்தியானத்துக்கு நான் இன்னா வெக்கறது? உன் மொச்சய நம்பி ஒண்ணும் வாங்கல."

"வூட்ல இன்னாம்மா கீது?"

"கத்திரிக்கா கீது. புளி கீது."

"அதுவே போதும்."

பாய் என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட எழுந்தார். தங்கை விடவில்லை. காலையில் எதுவும் தின்னாமல் ஓடிவந்த முகம் திரைக்குப் பின்னாலிருந்தே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சோறு வந்தது. கார்டு அரிசி. புழுங்கல், கொஞ்சம் வாடை. மேலே கத்திரிக்காய்க் குழம்பு, அடுப்பிலிருந்து இறக்கின சூட்டில். விருந்தாளிக்கு வைத்த அரிசியிலிருந்து எடுத்தது. தெரிந்தது. சாப்பிட்டேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வாயில் தகரம் இல்லை. புளி தெரிந்தது. கத்திரிக்காயின் விதை தெரிந்தது. மெதுவாகத் தின்றேன்.

பாய் தன் சோற்றைப் பிசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம்.

"எப்டிகீது?"

நானும் பழக்கத்தில் சொன்னேன். "உப்பு கம்மி பாய்."

திரைக்குப் பின்னால் பாத்திரம் டொக்கென்று கீழே வைத்த சத்தம். "பன்னிக்கும் மொச்சைக்கும் வித்தியாசம் தெரியாத நாக்குக்கு என் கொழம்புல உப்பு தெரிதாமா!"

மச்சான் சிரித்தார். பாயும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. உப்பு வந்தது. போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பெட்டி என் காலடியில் இருந்தது. தெருவுக்குக் கொடுப்பதாக இருந்த மிச்சப் பெட்டிகளின் மேல் பெருக்கல் போட வேண்டும். பத்து மணிக்கு வந்து பூட்டின கொட்டகையைப் பார்த்துப் போனவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். உள்ளதை அப்படியே சொல்லிவிடுவேன் என்றார் பாய். நம்பினால் நம்பட்டும் என்றார்.

"இனிமே ருசி பாத்த டப்பாவ ராத்திரி மூடி வெப்போம். காத்தால பாத்துட்டுதான் படம் போடணும்."

"சரி பாய்."

"அடி வரைக்கும் துழாவணும்."

"சரி."

"வேற சுமை நாளைக்கி வருது."

 நாளைக்கு என்ன பச்சை டப்பாவோ. தின்ன வேண்டும்.

ரயில்வே கேட் மறுபடியும் மூடியிருந்தது. அதே கூட்ஸ் வண்டியோ வேறோ, முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. பாய் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். வாயில் இன்னும் புளி இருந்தது. கேட் திறக்க நேரமாயிற்று. ஆகட்டும் என்று இருந்தேன்.