எண்ணினால் போதும்

இந்த ஊரில் முதன்முதலாக ஓட்டுப் போடப் போன அன்று, இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். சுவீடனில் குடியுரிமை இல்லாதவர்களும் சில ஆண்டுகள் குடியிருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்குச்சாவடி நூலகத்தில் இருந்தது. குழந்தைகள் புத்தகப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஓர் அட்டைத் தடுப்பு, ஒரு பெட்டி. போலீஸ் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் வாக்குச்சீட்டு உறையை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு நீட்டிய விரலைப் பார்த்தாள். "யோர் தெ ஒந்த்?" என்றாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள். மை வைக்கவில்லையே என்றேன். அவளுக்குப் புரியவில்லை, கைப்பையைத் துழாவி ஒரு பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஆள் மறுபடியும் ஓட்டுப் போடாமல் இருக்க எங்கள் நாட்டில் விரலில் மை வைப்பார்கள் என்று விளக்கினேன். "எதற்காக ஒருவர் மறுபடியும் போடப் போகிறார்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊரில் இருக்கும் என் அக்கா ஸ்டெல்லாவின் நினைவுதான் வந்தது.

அக்கா திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். வீடு, அங்கிருந்து விழுப்புரம் போகும் வழியில் எங்கள் கிராமத்தில். ஊரின் பெயர் வேண்டாம். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். குடிதண்ணீர்க் குழாய் ஊரெல்லாம் போய், நாங்கள் குடியிருக்கும் மாதா கோயில் தெருவுக்கு முன்னால் நின்றுவிட்டது. மனு கொடுத்து அலுத்துப்போய்த்தான் அக்கா ஊராட்சித் தலைவர் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். அந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் எதிரே நின்றவர் ஆளுங்கட்சிக்காரர் என்பது ஊருக்கே தெரியும். நான் சுவீடனில் முதியோர் இல்லத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அவளோடு வீடு வீடாகப் போனேன். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போகிற பெண்கள், வேலைக்குப் போகும் முன்பே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதைப் பார்த்தேன்.

வாக்கு எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அக்காவின் முகவராக நானும் உள்ளே இருந்தேன். மதியத்துக்குள் எல்லா வாக்குச்சீட்டுக் கட்டும் எண்ணி முடிந்தது. அக்கா ஜெயித்திருந்தாள். சொற்ப வித்தியாசம் அல்ல. எதிர்த்தரப்பு முகவரே கையைக் கட்டிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "வாழ்த்துகள்மா, கொஞ்சம் இருங்க, சர்ட்டிபிகேட் டைப் ஆகுது" என்றார் தேர்தல் அலுவலர். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அலுவலருக்குப் போன் வந்தது. எழுந்துபோய்ப் பேசினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர், யாரும் தடுக்காமல் உள்ளே நடந்து வந்தார். அலுவலர் அவரோடு பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மறுபடி எண்ணப் போறோம்மா. எல்லாரும் வெளிய இருங்க."

"நல்லா எண்ணுங்க சார். நாங்க இங்கியே நின்னுக்கினு பாக்கறோம்" என்றாள் அக்கா.

"கூட்டம் பேஜாரு பண்ணுது. உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

எங்கள் பாதுகாப்புக்காக எங்களைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் எதிராளியின் பெயரை வாசித்தார்கள். சொல்லி வைத்ததுபோல் உடனே பட்டாசு. பிறகு ஒரு வண்டியில் பிரியாணிப் பொட்டலம் வந்தது. எங்களைத் தள்ளிய போலீஸ்காரர் மரத்தடியில் நின்று அதைப் பிரித்துச் சாப்பிட்டார். அந்த மசாலா வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

அன்றைக்கு எங்களோடு ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். "ஜனநாயகப் படுகொலை" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அக்கா வழக்குப் போட்டாள். வாய்தாமேல் வாய்தா. இடையில் ஆட்சி மாறியது. கத்தியவர்கள் பதவிக்கு வந்தார்கள். இனி நியாயம் கிடைக்கும் என்று அக்கா நம்பினாள். இங்கிருந்தபடி நானும் நம்பினேன். அன்று மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் இப்போது அந்தக் கட்சியின் ஒன்றியப் பொறுப்பில் இருந்தார். அக்கா அவரைப் போய்ப் பார்த்தாள். அவர் காபி வரவழைத்து அன்பாகப் பேசினாராம்.

"கேஸெல்லாம் இன்னாத்துக்குக்கா? அடுத்த தடவை நம்ம ஆளா நில்லுங்க. நாங்க ஜெயிக்க வெச்சிடறோம்."

"ஜெயிக்க வெக்க நீ யாருப்பா? எண்ணுனா போதும்" என்று சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் எழுந்து வந்திருக்கிறாள்.

அக்கா இதைப் போனில் சொன்னபோது, கதவைச் சாத்திய நாளைவிட அதிகமாக எனக்கு அருவருத்தது. முந்தியவர்கள் திருடர்கள் என்று நினைத்துத்தான் மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன். இவர்களுக்கோ அந்தக் கதவின்மேல் கோபமே இல்லை. சாவி தங்கள் கையில் இல்லையே என்பதுதான் குறை. நேர்மையாகத் தேர்தல் நடத்த ஆட்சியில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால், காபி கொடுத்தார்கள் என்றுதான் நான் சொல்ல முடியும். பதவிக்காலமே முடிந்த பிறகு, இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். மாதா கோயில் தெருவுக்கு இன்றும் குழாய் வரவில்லை. இங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். எங்களைத் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லும் கட்சிக்கும் இங்கே ஓட்டு விழுகிறது. ஆனால் விழுந்ததை எண்ணுகிறார்கள்.

நான் ஓட்டுப் போட்டதற்கு அடுத்து வந்த புதன்கிழமை, தாமதமாக வந்துசேர்ந்த மீதி வாக்குகளை எண்ணுவதைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்று கொம்மூன், அதாவது நகராட்சி, அறிவித்திருந்தது. வேலைக்குப் போகும் வழியில் எண்ணும் கூடத்துக்குள் நுழைந்தேன். பார்வையாளர் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஓர் ஊழியர் வந்து, எந்தக் கட்சி என்று கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை என்றேன். "அப்படியென்றால் குளிருக்கு ஒதுங்கினீர்களா?" என்று கேட்டு, தேநீர் இருக்குமிடத்தைக் காட்டினார். நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்தி, எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"உன்ன யாரும் வெளிய தள்ளலியா?"

"இல்லக்கா."

"அப்ப அங்கியே குந்திக்கினு இருடா. முடியிற வரைக்கும் ஏந்திருச்சி வராத."

வேலைக்குத் தாமதமாக வருவேன் என்று செய்தி அனுப்பினேன். பெயரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராத வேட்பாளர்களின் வாக்குகளை, கடைசிக் கட்டு கட்டப்படும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அக்காவின் முகவராக.